சனிக்கிழமை இரவு நத்தை பொறுக்கும் வேலை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். மழை விட்டிருப்பதால் ஆப்பிரிக்க ராட்சத நத்தைகள் மறுபடியும் கிளம்பிவிட்டன. சனிக்கிழமை இரவு 7 மணிக்குப் பூங்கா வாசலில் கூடுவோம். டார்ச்சும் மூடியுள்ள வாளியும் கொண்டு வாருங்கள்.

கையுறை இல்லாமல் யாரும் தொட வேண்டாம். எலி நுரையீரல் புழுவை இவை சுமக்கும். மனிதருக்குத் தொற்றினால் மூளைக்காய்ச்சல் வரை போகலாம். தொடுவது, எடுப்பது எல்லாம் பெரியவர்கள் மட்டும். பிள்ளைகள் டார்ச் பிடித்தால் போதும் (அவர்கள் கண்ணுக்குத்தான் நிறைய அகப்படும்!).

அன்று மாலையே ஈரச் சாக்கை விரித்து, அடியில் பப்பாளி இலையோ முட்டைகோஸ் இலையோ போட்டு வையுங்கள். தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பொறுக்கியதைக் கெட்டியான உப்புக் கரைசலில் போட்டு, செத்தபின் ஆழமாகப் புதைப்போம். செடி மேல் உப்பைத் தூவாதீர்கள், மண் கெட்டுவிடும்.

ஒரு நத்தை ஒரே தடவையில் நூற்றுக்கும் மேல் முட்டையிடும். தொட்டி மண்ணில் வெளிர்மஞ்சள் மணிகள் தெரிந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். காலி ஓடுகளையும் விடாதீர்கள், தண்ணீர் தேங்கிக் கொசு வரும்.

அப்புறம், நம்ம ஊர் சின்ன நத்தைகள் பாவம், அவற்றை விட்டுவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள். வருபவர்கள் பெயரை வெள்ளிக்குள் சொல்லிவிடுங்கள், கையுறை வாங்க வேண்டும்.