கவர் கிளம்பும் இடத்தில் தடுத்து நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜெனீவாவில் 2025 ஆகஸ்டில் நடந்த பிளாஸ்டிக் ஒப்பந்தப் பேச்சுவார்த்தை முடிவு எட்டாமல் கலைந்த செய்தியை உங்கள் பத்திரிகையில் படித்ததிலிருந்தே இதை எழுத நினைத்திருந்தேன். 2022 மார்ச்சில் நைரோபியில் 175 நாடுகள் சம்மதித்துத் தொடங்கிய வேலை அது. 2024 கடைசியில் தென்கொரியாவின் புசான் நகரில் முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. இழுபறி எதில்? பிளாஸ்டிக் உற்பத்திக்கே வரம்பு வேண்டும் என்கின்றன பல நாடுகள். அது வேண்டாம், குப்பையை ஒழுங்காகக் கையாண்டால் போதும் என்கின்றன எண்ணெய் வளமுள்ள நாடுகள் சில. தஞ்சாவூரில் சின்ன இட்லிக் கடை நடத்துகிற எனக்கு இந்தச் சண்டை நன்றாகவே புரிகிறது. எங்கள் தெருவிலும் இதே பிரச்சினைதான்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களில் 14 வகைக்குத் தடை இருக்கிறது. எந்தத் தடிமனாக இருந்தாலும் கேரி பேக் கூடாது. பிளாஸ்டிக் பூச்சு போட்ட பேப்பர் கப், தட்டு, சாப்பாட்டு மேசை மேல் விரிக்கிற ஷீட், தண்ணீர் பாக்கெட் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அந்தத் தடையை நான் மனதார வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். ஜூன் மாதம் புது ஆற்றில் தண்ணீர் விடும்போது முதலில் மிதந்து வருவது என்ன என்று பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அதற்கான காரணத்தைச் சொல்லவே வேண்டாம்.

என் கடையில் இட்லி, பொங்கல், வடை எல்லாம் வாழை இலையில்தான். திருவையாறு பக்கத்திலிருந்து காலையில் இலைக்கட்டு வந்துவிடும். சிக்கல் சாம்பாரிலும் சட்னியிலும் இருக்கிறது. வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டு வருபவர்களுக்கு ஒரு கரண்டி கூடவே ஊற்றுகிறேன். கொண்டு வராதவர்களுக்குச் சின்ன எவர்சில்வர் தூக்கில் கொடுத்து, நூறு ரூபாய் முன்பணம் வாங்கிக்கொள்கிறேன், தூக்கு திரும்பி வந்ததும் பணத்தைக் கொடுத்துவிடுவேன். சுற்றுவட்டாரத்தில் குடியிருப்பவர்களிடம் இது நன்றாக நடக்கிறது. ஆனால் பஸ் ஏறிப் போகிறவர் தூக்கை எப்படித் திருப்பித் தருவார்? அவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார். அங்கே சாம்பாரைக் கவரில் ஊற்றி, ரப்பர் பேண்டு போட்டு அரை நிமிடத்தில் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

பக்கத்துக் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. கவர் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது, விலையும் மலிவு. என் கடைக்கும் ஆள் வந்து வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். தயாரித்தவர் பெயர், பதிவு எண், தடிமன் மூன்றையும் கேரி பேக் மேலேயே அச்சிட வேண்டும் என்று மத்திய அரசின் 2016 விதி சொல்கிறது. கவர் விற்க வந்தவர் காட்டிய கேரி பேக் எதிலும் ஒரு எழுத்துகூட இல்லை. எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், வெளிமாநிலச் சரக்கு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அதிகாரிகள் சோதனைக்கு வருவது கவரின் பயணத்தில் கடைசி முனையில்: தள்ளுவண்டி, பூக்கடை, எங்களைப் போன்ற சிற்றுண்டிக் கடை. இரண்டு கிலோ கவரைப் பிடித்து அபராதம் போட்டுவிட்டுப் போகிறார்கள். மறுநாள் அதே கவர் வந்து இறங்குகிறது. தடையை மதிக்கிறவர் வாடிக்கையாளரை இழப்பதும் மதிக்காதவர் எப்போதாவது அபராதம் கட்டிவிட்டுத் தொடர்வதும் எந்த ஊர் நியாயம்?

வங்கதேசத்தைப் பாருங்கள். 1988, 1998 வெள்ளங்களில் கால்வாய்களை பாலிதீன் பைகள் அடைத்துக்கொண்டதைக் கண்டு, உலகிலேயே முதல் நாடாக 2002-ல் மெல்லிய பைகளுக்குத் தடை போட்டார்கள். சணல் விளைகிற நாடு, மாற்றுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் கண்காணிப்பு தளர்ந்தது, பழைய டாக்காவின் சந்துகளில் பை தயாரிப்பு நடந்துகொண்டே இருந்தது. 22 ஆண்டு கழித்து, 2024 அக்டோபரில் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் நவம்பரில் காய்கறிச் சந்தைகளிலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. நம் தடையும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறதோ என்று பயமாக இருக்கிறது.

கென்யாவில் வேறு மாதிரி செய்தார்கள். அங்கேயும் தடிமன் கணக்கு வைத்து முன்பு முயன்று தோற்றிருக்கிறார்கள். 2017 ஆகஸ்ட் 28 முதல் பை தயாரிப்பது, இறக்குமதி செய்வது, பயன்படுத்துவது மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தினார்கள். தண்டனை நாலு வருடம் வரை சிறை, அல்லது 40 லட்சம் ஷில்லிங் வரை அபராதம். அத்தனை கடுமையான தண்டனை சின்ன வியாபாரி மேல் பாய்வதை நான் ஆதரிக்கவில்லை. அங்கேயும் கீரை விற்பவர்கள்தான் முதலில் பயந்திருப்பார்கள். ஆனால் தயாரிப்பும் இறக்குமதியும் நின்றதால் சூப்பர் மார்க்கெட்டுகள் எல்லாம் ஒரே சமயத்தில் மாறின. ஒருவர் மாறி இன்னொருவர் மாறாமல் இருந்து லாபம் பார்க்கிற வழி அடைபட்டது. பக்கத்து நாடுகளிலிருந்து கள்ளத்தனமாகப் பை வந்தது உண்மை. 2019 ஜூனில் தான்சானியாவும் தடை போட்டது அதற்கும் ஓரளவு உதவியிருக்கும்.

நம் நாட்டில் அந்த ஒற்றுமை இல்லை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் ஸ்ட்ரா, கரண்டி, தட்டு, கப் என்று 19 பொருட்களுக்குத் தடை. கேரி பேக் மட்டும் தடிமன் 120 மைக்ரானோ அதற்கு மேலோ இருந்தால் மத்திய விதிப்படி தயாரிக்கலாம். இங்கே கூடாதது வேறொரு மாநிலத்தில் சட்டப்படி தயாராகும்போது லாரியை எங்கே நிறுத்துவது? ஷாம்பு பாக்கெட் மாதிரியான சாஷேவை மாநிலப் பட்டியல், மத்தியப் பட்டியல் இரண்டுமே தொடவில்லை. இலங்கையில் 2021-லேயே 20 மில்லி அல்லது 20 கிராமுக்குள் அடங்கும் சாஷேக்களை, உணவும் மருந்தும் தவிர, தடை செய்துவிட்டார்கள். இங்கே அதைத் தொட வேண்டுமானால் பெரிய கம்பெனிகளோடு பேச வேண்டும். தள்ளுவண்டிக்காரரை மிரட்டுவது அதைவிடச் சுலபம்.

அயர்லாந்தையும் சொல்ல வேண்டும். அங்கே தடையே இல்லை. 2002 மார்ச்சில் ஒரு பைக்கு 15 சென்ட் வரி போட்டார்கள். அதைக் கடைக்காரர் தன் கையிலிருந்து கட்டிவிட்டு இலவசமாகக் கொடுக்கக் கூடாது, பில்லில் தனியாகக் காட்டி வாடிக்கையாளரிடம்தான் வாங்க வேண்டும். ஆளுக்கு வருடத்துக்கு 328 ஆக இருந்த பைகள் 21 ஆகக் குறைந்தன. எனக்கு அதைவிடப் பிடித்தது ஒரு விதிவிலக்கு. மீன், இறைச்சி, உதிரிக் காய்கறி போடுகிற சின்னப் பைக்கு வரி இல்லை. எதற்கு மாற்று உடனே கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். நம் மஞ்சப்பைத் திட்டம் நல்ல திட்டம். ஆனால் மஞ்சப்பையில் காய்கறி வாங்கலாம், சாம்பார் வாங்க முடியாது. எங்களுக்கு என்ன மாற்று என்று யாரும் இதுவரை கேட்கவில்லை.

அதனால் அரசுக்கும் மாநகராட்சிக்கும் உங்கள் பத்திரிகை வழியாக இரண்டு கோரிக்கை வைக்கிறேன். சோதனையை லாரி ஷெட்டிலும் மொத்தக் கிடங்கிலும் தொடங்குங்கள், பெயரும் பதிவு எண்ணும் இல்லாத கட்டு அங்கேயே பறிமுதல் ஆகட்டும். அப்புறம், பஸ் நிலையங்களில் தூக்குவாளி திரும்ப வாங்கும் கவுண்டர் வையுங்கள். தஞ்சாவூரில் வாங்கிய தூக்கைத் திருச்சியிலோ கும்பகோணத்திலோ கொடுத்து முன்பணத்தை வாங்கிக்கொள்ள முடிந்தால், பஸ் பயணிக்கும் நானே சாம்பார் கொடுப்பேன். கடைக்காரர்கள் சேர்ந்து தூக்கு வாங்கத் தயாராக இருக்கிறோம். இடமும் ஒரு ஆளும் மாநகராட்சி தந்தால் போதும்.

இப்படிக்கு,
இட்லிக் கடை நடத்தும் வாசகி,
தஞ்சாவூர்.