தென்னம்பிள்ளையின் பிரியாத இலைகள்

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். புது வீட்டின் பின்புறம் நீ நட்ட தென்னம்பிள்ளையின் இலைகள் கீற்றாகப் பிரியாமல் ஒரே ஏடாக நிற்கின்றன, ஏதேனும் நோயா என்று கேட்டிருந்தாய். கத்தரிக்கோலால் பிரித்துவிடும்படி யாரோ சொன்னதைக் கேளாமல் எனக்கு எழுதினாயே, அதுவே நல்லதாயிற்று. நோய் ஒன்றுமில்லை. தென்னையின் முதல் இலைகள் பிளவின்றித்தான் வரும். பொதுவாக ஏழெட்டு இலைகள் விட்ட பிறகே கீற்றுகள் பிரியத் தொடங்கும். நாற்றங்காலில் 9 முதல் 12 மாதக் கன்றுகளைத் தேர்ந்தெடுக்கும்போது, இலை முந்திப் பிரிந்த கன்றையே வீரியமுள்ளதென்று எடுப்பார்கள்.

அந்தப் பிரிவு நடக்கும் விதம் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. எந்த இலையும் தண்டின் வளர்நுனியின் ஓரத்தில், ஆக்சின் என்னும் ஹார்மோன் திரளும் இடத்தில், ஒரு சிறு புடைப்பாகவே தொடங்குகிறது. தென்னையில் அந்தப் புடைப்பு முதலில் பிளவற்ற ஏடாகி, அதன் சில பகுதிகள் விரைந்தும் சில மெதுவாகவும் வளர்வதால் விசிறிபோல மடிப்பு மடிப்பாகிறது. பின்னர் மடிப்புகளின் கீழ் விளிம்பில் உள்ள செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. இவ்வளவும் குருத்துக்குள்ளேயே நடந்துவிடுகிறது. வளர்ந்த தென்னையின் கீற்று ஒன்றை எடுத்துப் பார். கவிழ்த்த கூரைபோல இருக்கும் அதன் முகட்டில் ஈர்க்கு ஓடும். அந்த முகடு பழைய மடிப்பின் தடம்.

வாழையிலையும் கீறிக் கிடக்கிறதே என்று நீ கேட்கலாம். அது காற்றின் வேலை. கிழங்கின் தலையில் பிறந்து, மட்டைகளின் நடுவே ஏறி, சுருண்ட குருத்தாக வெளிவரும் வாழையிலை முழு இலையாகவே விரிகிறது. பக்க நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுவதால், காற்று அவற்றின் வழியே எளிதாகக் கிழித்துவிடுகிறது. கிழிந்த துண்டுகள் வெயிலில் அவ்வளவு சூடேறுவதில்லை என்பதால் மரத்துக்கு அதில் பெரிய இழப்பும் இல்லை.

முருங்கையின் வழி வேறு. அங்கே எதுவும் கிழிவதுமில்லை, பிளப்பதுமில்லை. இளம் இலையின் விளிம்பிலேயே புதிய புடைப்புகள் எழுந்து தனித்தனிச் சிற்றிலைகளாகின்றன. கூட்டிலை கொண்ட தக்காளியை ஆராய்ந்தவர்கள், வளர்நுனியின் செல்களை இளமையாக வைத்திருக்கும் நாக்ஸ் மரபணுக்கள் இலை தொடங்கும்போது அடங்கிப் பின்னர் அதே இலையில் மீண்டும் விழித்து, இத்தகைய புடைப்புகளுக்கு வழிவிடுவதைக் கண்டார்கள்.

புறத்தே வயிரம், அதாவது கெட்டித்தன்மை, உள்ள தென்னை போன்றவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுள்ளவற்றை மரம் என்றும் வகுத்த தொல்காப்பியம், ஓலையையும் ஈர்க்கையும் புல்லின் உறுப்புகளாகவும், இலையையும் தளிரையும் மரத்தின் உறுப்புகளாகவும் வைத்திருப்பதை இவ்வேளையில் நினைத்துக்கொண்டேன். எவ்வளவு கூர்ந்த பார்வை!

கன்றின் இலையில் கை வைக்காதே. அடியில் ஈரம் காயாமல் பார்த்துக்கொள். அடுத்த இலை விரியும்போது பிளவு நுனியில் தெரிகிறதா, அடியில் தெரிகிறதா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
அப்பா