முருகேசனுக்கு, மாத்திரைக் கணக்கு பற்றி

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லோரும் நலம். பெரியவன் பரீட்சை முடிந்து ஊர் சுற்றுகிறான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ போனில் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. தங்கச்சி தைராய்டு மாத்திரையை நிறுத்திப் பத்து நாள் ஆகிறது, "நல்லாத்தானே இருக்கேன், இனி எதுக்கு?" என்கிறாள் என்றாய். மாத்திரை அளவை மாற்றினால் ஆறு வாரம் கழித்து ரத்தம் பார்க்கச் சொல்வது ஏன் என்றும் கேட்டாய். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். இந்தப் பருவத்தில் எம்.எஸ்ஸி. வகுப்புக்கு நான் ஆசையாக நடத்திக்கொண்டிருக்கும் பாடமும் அதுவே. ராஜாமணி சார் வகுப்பில் சன்னல் வழியே இறங்கியவன் நீ. இதையாவது உட்கார்ந்து படி.

மாத்திரையில் இருப்பது தைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன். உடம்பில் இருக்கும் தைராக்ஸின் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். இருப்புக்கு ஏற்ற வேகத்தில் குறையும் என்பது சாதாரண வகைக்கெழுச் சமன்பாடு, அதாவது ஓர் அளவு எந்த வேகத்தில் மாறுகிறது என்று சொல்லும் சமன்பாடு. ஆனால் தினமும் காலையில் மாத்திரை உள்ளே போனதும் அளவு ஒரே தாவலாக ஏறுகிறது. இப்படித் தாவல்களோடு வருபவை இம்பல்சிவ் சமன்பாடுகள். சோவியத் நாட்டில் மில்மனும் மிஷ்கிஸும் 1960-இல் எழுதிய கட்டுரைதான் இத்துறையின் தொடக்கம் என்பார்கள். 1989-இல் பல்கேரியர்கள் பைனோவ், சிமியோனோவோடு சேர்ந்து இதற்கு நூல் எழுதிய லட்சுமிகாந்தம், ஹைதராபாத் உஸ்மானியாவில் முனைவர் பட்டம் வாங்கியவர்.

எனக்கு இதில் பிடித்தது எல்லை நிபந்தனை. இன்று மாத்திரை போட்டதும் இருக்கும் அளவே நாளை போட்டதும் இருக்கவேண்டும் என்று இரண்டு முனைகளையும் கட்டிவிட்டு, அப்படி ஒரு தீர்வு உண்டா என்று கேட்கிறோம். உண்டு, ஒன்றே ஒன்று. நாளொன்றுக்கு 9.4 சதவீதம் குறைகிறது. அந்தக் குறைவை அன்றைய மாத்திரை சரியாக ஈடுகட்டும் அளவு அது. ஒரு மாத்திரையிலிருந்து ரத்தத்தில் சேரும் பங்கை ஒன்று என்று வைத்தால், சுமார் 10.6. எங்கே தொடங்கினாலும் அங்கேதான் போய்ச் சேரும், ஆனால் நிதானமாக. மிச்சமிருக்கும் தூரம் வாரத்துக்கு வாரம் பாதியாகும். ஐந்து வாரத்தில் 97 சதவீதம் கடந்திருக்கும். ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அதைப் பார்த்துத்தான் தன் நிலைக்கு வரும். அதனால்தான் ஆறு வாரம். ஒருநாள் மறந்துபோனால் பதறவேண்டாம் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது, பத்தில் ஒரு பங்குகூடக் குறையாது.

இப்போது தாவலை எடுத்துவிடு, அதாவது மாத்திரையே இல்லை என்று வை. அதே எல்லை நிபந்தனைக்கு மிஞ்சும் ஒரே தீர்வு பூஜ்யம்.

முருகேசா, தங்கச்சிக்கு அறுவை சிகிச்சையில் சுரப்பியையே எடுத்தாயிற்று. தானாகச் சுரக்க அங்கே ஒன்றும் இல்லை. பத்து நாளில் இன்னும் 37 சதவீதம் மிச்சமிருக்கும். அந்தப் பழைய இருப்பில்தான் அவள் "நல்லா" இருக்கிறாள். நான்கு வாரத்தில் அது 6 சதவீதம். சோர்வு, வீக்கம், குளிர் தாங்காமை எல்லாம் வருமுன்பே நாம் முந்திக்கொள்ள வேண்டும். எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

இன்றே டாக்டரிடம் கூட்டிப் போ. நிறுத்திய நாள்கணக்கை மறைக்காமல் சொல்லச் சொல். விட்டதையெல்லாம் சேர்த்து ஒரேயடியாக விழுங்க விடாதே. எவ்வளவு, எப்படி என்று டாக்டர் சொல்லட்டும். அவள் கேட்காவிட்டால் போனை அவளிடம் கொடு, அண்ணன் பேசவேண்டும் என்று சொல். ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
சுந்தரம்