அடுப்பைக் கூட்டினால் பருப்பு வேகுமா?

சேலம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்த அலைச்சலில் உடனே பதில் எழுத முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார். கட்டிலில் இருந்தபடியே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்கிறார். அதில் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

உன் வேதியியல் வகுப்பில் கேள்வி கேட்டால் முன் பெஞ்சில் நாலு பேர்தான் வாய் திறக்கிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாய். என் வகுப்பும் அப்படித்தான் இருந்தது. இரண்டு வருடமாக முதலாமாண்டு இயற்பியலில் ஒரு காரியம் செய்துவருகிறேன். அதை உனக்கு விவரமாகச் சொல்ல வேண்டும்.

பத்து நிமிடம் பாடம். பிறகு கரும்பலகையில் ஒரு கேள்வி. ஆளாளுக்கு யோசித்து, விரலைக் காட்டி விடை சொல்ல வேண்டும். அப்புறம் ஐந்து ஐந்து பேராகப் பேசிவிட்டு மறுபடி விரல் காட்ட வேண்டும். ஹார்வர்டில் எரிக் மசூர் 1991-இல் தன் இயற்பியல் வகுப்பில் தொடங்கிய முறை இது. ஆனால் 60 பேரும் ஒரே நேரத்தில் பேசும்போது நான் ஒருவன் எத்தனை பக்கம் ஓடுவது? அதற்காகத்தான் இரண்டாம், மூன்றாம் ஆண்டிலிருந்து 6 பேரைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். ஆளுக்கு இரண்டு குழு. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் 2000-களின் தொடக்கத்தில் இதை ஒரு திட்டமாகவே வளர்த்தார்கள். அங்கே அந்தப் பிள்ளைகளுக்கு 'லேர்னிங் அசிஸ்டெண்ட்' என்று பெயர். இங்கே எல்லோருக்கும் அவர்கள் அக்கா, அண்ணன்தான்.

முதல் வருடம் நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் பட்டியலைப் பார்த்து மேலே இருந்த 6 பேரைக் கூப்பிட்டேன். அவர்கள் குழுவுக்குள் போய் உட்கார்ந்ததும் பேனாவை வாங்கிக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். வகுப்பில் சத்தம் இருந்தது, யோசனை இல்லை. என்னைப் போலவே 6 பேரைக் கூடுதலாக உருவாக்கி வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

அடுத்த வருடம் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டேன். ஏற்காட்டிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருகிற ஒரு பெண். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. முதல் செமஸ்டரில் என் பாடத்திலேயே அரியர் வைத்து, அடுத்த முறை எழுதித் தேறியவள். அவளை அழைத்தபோது, "சார், நானா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

அன்றைய கேள்வி இதுதான். ஏற்காட்டில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகிறது. தண்ணீர் நன்றாகக் கொதிக்கத் தொடங்கிவிட்டது. இனி அடுப்பைக் கூட்டினால் பருப்பு சீக்கிரம் வேகுமா? ஏறக்குறைய எல்லோரும் 'வேகும்' என்றே விரல் காட்டினார்கள். தீ கூடினால் சூடு கூடும், இதில் என்ன சந்தேகம் என்கிற முகங்கள்.

அவள் தன் குழுவின் ஓரத்தில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்: "உங்க வீட்ல அடுப்பைக் கூட்டினா பாத்திரத்துல என்ன மாறும்? கண்ணால பாக்குறதை மட்டும் சொல்லுங்க."

"தளதளன்னு கொதிக்கும்க்கா."

"அப்புறம்?"

"தண்ணி சீக்கிரம் வத்திரும்."

"அப்ப கூடுதலாக் குடுத்த சூடு எங்க போச்சு?"

யாரும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. அந்த அரை நிமிடத்தை நான் தாங்கியிருக்க மாட்டேன். கடைசியில், அதுவரை வகுப்பில் குரலே கேட்டிராத ஒரு பையன் சொன்னான்: "ஆவியாப் போயிருச்சுக்கா. தண்ணி அதே சூட்டுலதான் இருக்கும்." பாடப்புத்தகம் உள்ளுறை வெப்பம் என்று சொல்வது இந்தச் சூட்டைத்தான்.

பக்கத்திலிருந்தவன் விடவில்லை. "அப்ப குக்கர்ல மட்டும் எப்படி சீக்கிரம் வேகுது?" நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்து மெதுவாகக் கையைக் காட்டி நிறுத்தினாள். குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் இன்னும் அதிகச் சூட்டில்தான் கொதிக்கும் என்று குழு தானாகவே அழுத்தத்துக்கு வந்து, அங்கிருந்து மலைக்கு ஏறியது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவதால் அங்கே தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். "எங்க அம்மா பருப்பு சரியில்லன்னு கடைக்காரரைத் திட்டிட்டு இருக்காங்க" என்றாள் அவள். மறுபடி விரல் காட்டச் சொன்னபோது வகுப்பு மாறிவிட்டிருந்தது.

எனக்கு அந்த இடத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்குவார்கள் என்பது மறந்தே போய்விட்டது. அவள் தடுக்கி விழுந்து ஒரு வருடம்தான் ஆகிறது. கேள்வியை அவர்கள் வீட்டுத் தமிழில் கேட்கிறாள் என்பதையும் சேர்த்துக்கொள். ஆங்கிலத்தில் தப்பாகிவிடுமோ என்று மூன்று வருடமும் வாயை மூடிக்கொண்டே பட்டம் வாங்கிப் போகிறவர்களை நீயும் நானும் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்!

இதெல்லாம் தானாக நடக்காது. வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் அவர்களோடு உட்கார்கிறேன். தட்டுவடை செட் வாங்கி வைத்துவிடுவேன். அடுத்த வாரக் கேள்விகளை முதலில் அவர்களே போட்டுப் பார்த்து, எங்கே தப்பு வரும் என்று ஊகிப்பார்கள். விடையைச் சொல்லாமல் எப்படிக் கேட்பது என்று ஒருவரையொருவர் வைத்துப் பழகுவார்கள். இந்த ஒரு மணி நேரத்தை விட்டால் மற்றதெல்லாம் வீண்.

முணுமுணுப்பும் இருந்தது. "சார், நீங்களே நடத்துனாதான் புரியுது" என்று சிலர் வந்து சொன்னார்கள். மனசு சுருங்கியது. 2019-இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வில், இப்படிப் படித்த மாணவர்கள் உண்மையில் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். மூளை சிரமப்படுவதைப் புரியாமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2014-இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் விரிவுரை வகுப்புகளில் தேறாதவர்கள் சுமார் 34 சதவீதம், மாணவர்கள் ஈடுபட்டுச் செய்யும் வகுப்புகளில் 22 சதவீதம். அரியர் பட்டியலோடு மல்லுக்கட்டும் உனக்கு இந்த வித்தியாசம் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. இவர்களிடம் விடைத்தாள் திருத்தும் வேலையையோ வருகைப் பதிவையோ கொடுக்கக் கூடாது. கையில் மதிப்பெண் வந்த அன்றே அக்கா மேடம் ஆகிவிடுவாள். பிறகு யார் அவளிடம் தப்பாகப் பேசத் துணிவார்கள்?

நன்னூலில் நாம் படித்தது ஞாபகம் இருக்கிறதா? ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்கு, உடன் படிப்பவர்களோடு பழகி இன்னொரு கால், மீதி அரை பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது. அன்று தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். போன வியாழன் அந்தப் பெண், "அரியர் எழுதறப்ப உள்ளுறை வெப்பத்துக்கு விளக்கம் எழுதி மார்க் வாங்கினேன் சார். அது எங்க வீட்டு அடுப்புல இருக்குன்னு இப்பதான் தெரியுது" என்றாள். பட்டம் முடித்ததும் பி.எட். சேரப் போகிறாளாம்.

உன் பருவத் தேர்வு முடிந்ததும் ஒரு புதன்கிழமை இரவு பஸ் ஏறிவிடு. வியாழன் காலை வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார், சாயங்காலம் எங்களோடும் இரு. தட்டுவடையில் உனக்குக் காரம் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்