துருசும் கடைமடையும்: மகளுக்கு ஒரு கடிதம்

கிளிநொச்சி

அன்பு மகளுக்கு,

போன மாதம் தொலைபேசியில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற சிறு ஆர்.என்.ஏ.க்களைப் பற்றிய உன் ஆய்வை நீ அரை மணி நேரம் விளக்கியபோது, நான் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, அதில் பாதிக்கு மேல் எனக்கு விளங்கவில்லை. இருபத்தெட்டு வருடம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவன், அதை மகளிடம் ஒப்புக்கொள்ளக் கூச்சப்பட்டேன். நீ அனுப்பிய கட்டுரைகளை உன் தம்பி அச்செடுத்துத் தந்தான். பத்து நாளாக விறாந்தையில் இருந்து அவற்றை வாசித்து, விளங்கியதை எழுதுகிறேன். பிழை கண்டால் சிவப்புப் பேனாவால் திருத்து.

டி.என்.ஏ.யில் இருந்து தூது ஆர்.என்.ஏ., அதிலிருந்து புரதம் என்றுதான் நான் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் கீறினேன். 1993இல் விக்டர் அம்புரோசும் கேரி ரவ்கனும், ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள புழுவொன்றில், புரதம் எதையும் ஆக்காத லின்-4 என்ற சிறு ஆர்.என்.ஏ., வேறொரு தூது ஆர்.என்.ஏ.யின் கடைப்பகுதியில் ஒட்டி அதன் புரத உற்பத்தியைக் குறைப்பதை வெளியிட்டார்கள். அந்த வருடம் வன்னிக்கு மண்ணெண்ணெயே ஒழுங்காக வராத வருடம். விஞ்ஞானச் சஞ்சிகை எங்கிருந்து வரும்? ஆனால் சஞ்சிகை கிடைத்த நாடுகளிலும் பலர் அதைப் புழுவுக்கே உரிய விசித்திரம் என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள் என்று வாசித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. 2000ஆம் ஆண்டில் லெட்-7 என்ற இன்னொரு சிறு ஆர்.என்.ஏ. கண்டுபிடிக்கப்பட்டு, அதே எழுத்து (ஏ, யு, ஜி, சி என்ற காரங்களின்) வரிசை மனிதரிலும் இருப்பது தெரிந்த பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்விருவருக்கும் நோபல் பரிசு 2024இல் கிடைத்தது.

இனி, முலையூட்டிக் கலத்தில் இந்தச் சிறு ஆர்.என்.ஏ. உருவாகும் விதம். கலத்தின் கருவுக்குள் முதலில் எழுதப்படும் ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரக்கணக்கில் எழுத்துகள் கொண்ட நீண்ட இழை. அதன் ஒரு பகுதி தன்னைத் தானே மடித்து, அம்மாவின் கொண்டை ஊசி போல நிற்கும். டுரோஷா என்ற நொதியம், டி.ஜி.சி.ஆர்.8 என்ற கூட்டாளியுடன் சேர்ந்து, மடிப்பின் அடியில் இருந்து ஏறத்தாழ பதினொரு சோடி எழுத்துகள் தள்ளி வெட்டுகிறது. வெட்டப்பட்ட துண்டில் அறுபது எழுபது எழுத்துகள் எஞ்சும்; அதன் ஒரு நுனியில் இரண்டு எழுத்துகள் துருத்திக்கொண்டிருக்கும். அந்தத் துருத்தலைப் பிடித்துத்தான் எக்ஸ்போர்ட்டின்-5 என்ற புரதம் அதைக் கருவுக்கு வெளியே கொண்டுபோகிறது. கருவைச் சூழ்ந்த குழியவுருவில் காத்திருக்கும் டைசர் என்ற நொதியமும் அந்த நுனியையே பற்றி, அங்கிருந்து ஏறத்தாழ இருபத்திரண்டு எழுத்துகளை அளந்து வெட்டுகிறது. அளவுகோலும் கத்தியும் ஒரே உடம்பில். கிடைக்கும் இரட்டை இழையில் ஒன்றை ஆர்கோனோட் என்ற புரதம் வைத்துக்கொள்ள, மற்றது கழிக்கப்படுகிறது.  

வாசித்தது மனதில் நிற்கவில்லை என்று லெட்-7இன் இருபத்திரண்டு எழுத்துகளையும் கடதாசிக் கீலமொன்றில் எழுதினேன். இரண்டாவதில் இருந்து எட்டாவது வரையுள்ள எழுத்துகளே இலக்கைத் தேடும் வித்து என்று நீ சொல்லியிருந்தாய்: ஜி, ஏ, ஜி, ஜி, யு, ஏ, ஜி. அவற்றின் கீழே சோடிகளை (ஏக்கு யு, ஜிக்கு சி) எழுதி, அதே வரிசையைத் தூது ஆர்.என்.ஏ.யில் தேடினேன், அகப்படவில்லை. இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடும் என்று எத்தனை பிள்ளைகளுக்குப் புள்ளி குறைத்திருப்பேன்! நானே மறந்துவிட்டேன். திருப்பி வாசித்தபோது சி, யு, ஏ, சி, சி, யு, சி என்று உன் கட்டுரையின் படத்தில் அச்சொட்டாக இருந்தது. இந்த ஏழு எழுத்துகள் பொருந்தினாலே போதும் என்பதால், ஒரே சிறு ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான தூது ஆர்.என்.ஏ.க்களைத் தொட முடிகிறது.

இவ்வளவும் உன்னோடு ஒத்துப்போகிறது. ஆனால் நீ இதை "தொழிற்சாலை வரிசை" என்றாயே, அதில் எனக்கு உடன்பாடில்லை. தொழிற்சாலையில் மூலப்பொருள் எவ்வளவு போனது என்று தெரிந்தால், எவ்வளவு சாமான் வெளியே வரும் என்று கணக்குச் சொல்லலாம். இங்கே அது முடியாது. இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதை மட்டும் வைத்து, கடைமடை வயலில் எவ்வளவு நிற்கிறது என்று உன் மாமாவிடம் கேட்டுப் பார், சிரிப்பார். சிறுபோக நெற்செய்கைக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் தீர்மானிக்க வேண்டும், துருசு (குளத்து மதகு) திறக்க வேண்டும், பிரதான வாய்க்கால், கிளை வாய்க்கால், வயல் மடை என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு கை மறிக்கலாம்.

இன்னும் முதிராத முளையத் தண்டுக்கலங்களில் நடப்பது இதுதான் அல்லவா? லெட்-7இன் நீண்ட இழை அங்கே எழுதப்படுகிறது. முதிர்ந்த லெட்-7 மட்டும் வருவதில்லை. லின்28 என்ற புரதம் கொண்டை ஊசியைப் பற்றிக்கொண்டு, அதன் நுனியில் யு என்ற எழுத்தைத் தொடராக ஒட்டும் நொதியத்தை அழைக்கிறது. அந்த வால் முளைத்த துண்டை டைசர் வெட்டாது. இன்னொரு நொதியம் அதைத் தின்றுவிடுகிறது. கலம் முதிர்ந்து லின்28 குறையத் தொடங்கியதும் லெட்-7 பெருகி, லின்28இன் தூது ஆர்.என்.ஏ.யிலேயே ஒட்டி அதை மேலும் குறைக்கிறது. மறித்தவனையே தண்ணீர் தள்ளிவிடுவது போல.

வெட்டுபவர்களுக்கும் காவல் உண்டு. டுரோஷா தன் கூட்டாளியான டி.ஜி.சி.ஆர்.8இன் தூது ஆர்.என்.ஏ.யில் உள்ள மடிப்பை வெட்டி அதன் அளவைக் குறைக்கிறது. ஆனால் அந்தக் கூட்டாளி இல்லாவிட்டால் டுரோஷாவும் நிலைக்காது. டைசரின் தூது ஆர்.என்.ஏ.யோ லெட்-7க்கே இலக்கு. செங்குருதிக் கலங்களுக்கு வேண்டிய மிர்-451 என்ற சிறு ஆர்.என்.ஏ. மட்டும் டைசரிடம் போகாமல், ஆர்கோனோட்-2 இடமே வெட்டு வாங்கிக்கொள்கிறது. எல்லா வயலுக்கும் ஒரே வாய்க்காலால்தான் பாய வேண்டும் என்றில்லை.

இந்தக் காவல் பிசகினால் என்ன ஆகும் என்பதையும் வாசித்தேன். டைசரின் பரம்பரை அலகில் பழுதுடன் பிறக்கும் சில பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே சுவாசப்பையில் அரிய புற்றுநோய் வருகிறதாம். அந்தப் பக்கத்தை வாசித்த பின் அன்றைக்கு மேலே வாசிக்க முடியவில்லை.

சிறு ஆர்.என்.ஏ. இலக்கில் ஒட்டிய பிறகு நடப்பதும் முழு அடைப்பு அல்ல. ஆர்கோனோட் அழைத்துவரும் புரதங்கள் தூது ஆர்.என்.ஏ.யின் அடெனின் வாலை (ஏ எழுத்துகளின் தொடரை) குறுக்கி, அதன் ஆயுளைக் குறைக்கின்றன. பெரும்பாலான இலக்குகளில் புரதம் சற்றே இறங்குகிறது, அவ்வளவுதான். மடையில் ஒரு பலகை கூடுதலாகப் போடுவது போல என்று நான் விளங்கிக்கொண்டேன்.

இனி என் கேள்வி. ஆர்கோனோட்டுக்குள் இருக்கும் சிறு ஆர்.என்.ஏ. நாட்கணக்கில் நிலைக்கும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. ஆனால் சில இலக்குகள் வித்தோடு நிற்காமல், மறு நுனி வரைக்கும் நீளமாகப் பொருந்தினால், அந்தச் சிறு ஆர்.என்.ஏ.யையே அழிப்பிக்கும் என்றும், அப்போது உடைக்கப்படுவது ஆர்கோனோட் புரதம்தான் என்றும் 2020இல் வெளியான ஆய்வுகளை நீயே அனுப்பியிருக்கிறாய். அப்படியென்றால், உன் கலங்களில் ஒரு சிறு ஆர்.என்.ஏ. குறைந்திருப்பதைக் காணும்போது, அது மேலே மறிக்கப்பட்டதா, அல்லது கீழே வந்து சேர்ந்தபின் அழிக்கப்பட்டதா என்று எப்படிப் பிரித்தறிகிறாய்? ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது இதை மட்டும் சொல். இந்த முறை விளங்காவிட்டால் "ஓம்" சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அப்பா