வைப்ரேட்டரி ஃபீடர் ஸ்பிரிங் பட்டைகள் அடுக்கு பிரிந்தது குறித்த புகார்

பெறுநர்: தரக் கட்டுப்பாட்டு மேலாளர் அவர்கள்

பொருள்: 6 மி.மீ. கிளாஸ் ஃபைபர் எபாக்சி பட்டைகள், தவறான லேமினேட் (ரெசினில் ஒட்டிய இழை அடுக்குகள்), மாற்றித் தரக் கோருதல்

ஐயா,

அதிர்வால் சரக்கை நகர்த்தும் எங்கள் ஃபீடர்களுக்கு ஸ்பிரிங்காக உங்களிடம் வாங்கிய 48 பட்டைகளில் 31 பட்டைகள், கிளாம்ப் ஓரத்தில் வெளுத்து, அடுக்கு பிரிந்துவிட்டன. 'போல்ட் தளர்ந்திருக்கும்' என்று உங்கள் சர்வீஸ் பிரிவு அனுப்பிய பதிலை ஏற்பதற்கில்லை. போல்ட் தளர்ந்தால் துளை நீளும். கிளாம்புக்கு அடியில் உரசிப் பொடி உதிரும். திருப்பி அனுப்பியவற்றைப் பாருங்கள், இரண்டும் இல்லை. அதே ஃபீடர்களில், அதே போல்ட் முறுக்கில், உங்கள் முந்தைய லாட் இன்றும் ஓடுகிறது.

உடைந்த துண்டு ஒன்றை 565 டிகிரி உலையில் வைத்து ரெசினை எரித்துவிட்டு, மிஞ்சிய கண்ணாடி இழையை அடுக்கடுக்காக உரித்துப் பார்த்தோம். ஆர்டரில் கேட்டது நீளவாக்கில் இழை ஓடும் லேமினேட். வந்திருப்பது மேலிருந்து கீழ்வரை சாதா நெசவுத் துணி. போதாக்குறைக்கு, நெருக்கமான பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) பட்டையின் அகலத்தில் கிடக்கிறது. அதற்குக் குறுக்கே ஓடும், எண்ணிக்கை குறைந்த ஊடைதான் வளைவைத் தாங்குகிறது. ஷீட்டில் நாலு பட்டை கூடத் தேறட்டும் என்று குறுக்கே அறுத்திருக்கிறார்கள் போலும்.

நெசவுத் துணியில் நூல் ஏறி இறங்கித்தான் போகும். பட்டை வளையும்போதெல்லாம் அந்த நெளிவு நிமிரப் பார்க்கும். நூல்கள் குறுக்கிடும் இடத்து ரெசின் அடிவாங்கும். முதலில் பட்டையின் அகலத்தில் கிடக்கும் நூல்களில் மயிரிழை விரிசல், பிறகு அடுக்குகளுக்கு இடையே பிளவு. இழை அறுவது கடைசியில்தான், ஆனால் விறைப்பு அதற்கு முன்பே போய்விடும். விறைப்பு 10 சதவீதம் குறைந்தால் இயல் அதிர்வெண் (ஃபீடர் தானாக அதிரும் வேகம்) சுமார் 5 சதவீதம் இறங்கும். இந்த ஃபீடர்கள், காந்தம் ஆட்டும் 50 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ட்யூன் செய்யப்பட்டவை. அந்த இடைவெளி கரைந்ததும் வீச்சு எகிறி ஆர்மேச்சர் (காந்தம் இழுக்கும் இரும்புத் துண்டு) காந்தத்தில் மோதியது. மேலும் இறங்கியபின் டிரேயில் சரக்கு நகரவே இல்லை.

உங்கள் சான்றிதழில் இருப்பது ஐ.எஸ்.ஓ. 14125 வளைவு வலிமை மட்டும். ஒரே தடவை வளைத்து உடைத்த எண் அது. 50 ஹெர்ட்ஸில் 8 மணி நேர ஷிப்டுக்கு 14.4 லட்சம் வளைவு. ஏழு ஷிப்டில் ஒரு கோடி தாண்டிவிடும். எஃகுக்குச் சொல்வதுபோல 'இந்த அழுத்தத்துக்குக் கீழே எத்தனை தடவையும் தாங்கும்' என்று கிளாஸ் ஃபைபருக்கு ஓர் எல்லையை நம்பிவிட முடியாது.

ஆகவே, 48 பட்டைகளையும் ஆர்டர்படியான லேமினேட்டில், உங்கள் செலவில் மாற்றித் தர வேண்டும். ஒவ்வொரு பட்டையிலும் இழை ஓடும் திசைக்கு அம்புக்குறி வேண்டும். கூடவே ஐ.எஸ்.ஓ. 13003 முறையில், இருபுறமும் சம அளவு வளைத்து, ஒரு கோடி சுற்றுக்குப் பின் மீந்த விறைப்பைக் காட்டும் ஃபடீக் (தொடர்ந்து வளைவதால் வரும் சோர்வு) அறிக்கையும் தேவை. சூடேறாமல் 5 ஹெர்ட்ஸில் ஓட்டினால் இதற்கு 23 நாள் பிடிக்கும் என்பது தெரியும். மாற்றுப் பட்டைகளை முதலில் அனுப்புங்கள், அறிக்கை பின்னால் வரட்டும்.

15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் பாக்கித் தொகை நிறுத்தப்படும். எரித்த துண்டின் படங்களை இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பிரிவு