நாள் கணக்கில் ஜெயித்த வழக்கு

அன்புள்ள கயல்விழிக்கு, அம்மா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ பேசியதைவிடப் பேசாமல் இருந்த நேரம்தான் அதிகம். வழக்கு ஜெயித்துவிட்டது என்றாய். சீனியர் முதுகில் தட்டிக்கொடுத்தார் என்றாய். பிறகு குரல் இறங்கிப்போய், "பதினோரு நாள்தான் அம்மா" என்றாய். அந்தப் பாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்ததால் மேல்முறையீடு பதினோரு நாள் தாமதமாகிவிட்டது, தாமதத்தை மன்னிக்கக் கூடாது என்று நீ வாதாடினாய், நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, வீடு போய்விட்டது. "இந்தத் தொழிலே வேண்டாம் என்று தோன்றுகிறது" என்று சொல்லி வைத்துவிட்டாய். அன்றிரவு நானும் தூங்கவில்லை.

போனில் ஆறுதல் சொல்ல எனக்கு வராது. முப்பத்திரண்டு ஆண்டுகள் முன்சீப் கோர்ட்டில் தட்டச்சராக இருந்தவள். எழுதினால்தான் எனக்கு எதுவும் தெளியும். அதனால் உனக்கு ஒரு வக்கீலைப் பற்றி எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது எதிர்ப்பட்டவர். பெயர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். நம் பக்கம் லிங்கனைத் தெரிந்த அளவுக்கு இவரைத் தெரியாது.

1792இல் வெர்மான்ட் மாநிலத்து டான்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். பிறக்கும்போதே ஒரு பாதம் உட்புறம் வளைந்திருந்தது. அண்ணனுக்கு இரண்டு பாதமும் அப்படி. நான்கு ஆண் பிள்ளைகளையும் மனைவியையும் விட்டுவிட்டுத் தகப்பன் எங்கோ போய்விட்டார். தாய் சாலிதான் தாங்கினாள். இந்தக் கால் ஊனமான பிள்ளையால் வயலில் வேலை செய்ய முடியாது, படிப்புதான் இவனைக் காப்பாற்றும் என்று கணக்குப் போட்டு, நல்ல பள்ளி இருந்த பீச்சம் என்ற ஊருக்குக் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போனாள். உன் அம்மாச்சி இரண்டு எருமையையும் ஒரு பசுவையும் வைத்துக்கொண்டு, விடியலில் பால் ஊற்றிவிட்டு வந்து என்னைத் தட்டச்சுப் பள்ளிக்கு அனுப்பியது நினைவுக்கு வந்து, அந்தப் பக்கத்தை நான் மூன்று முறை படித்தேன்.

டார்ட்மவுத் கல்லூரியில் 1814இல் பட்டம் வாங்கினார். பென்சில்வேனியாவுக்கு வந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே சட்டம் படித்தார். முழு நேரமும் சட்டம் மட்டுமே படித்தவர்களுக்குத்தான் அனுமதி என்று அங்கிருந்த வக்கீல்கள் விதி போட்டுவிட, எல்லை தாண்டி மேரிலாந்துக்குப் போய் அங்கே தேர்வு கொடுத்து வக்கீலானார். பிறகு கெட்டிஸ்பர்க்கில் கடை விரித்தார். போர் வந்து அந்த ஊரின் பெயரை உலகம் அறிவதற்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் இருந்தன.

இனி வருவதைக் கவனமாகப் படி. இதற்காகத்தான் கடிதமே.

பென்சில்வேனியாவில் 1780இலேயே அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் வந்துவிட்டது. பக்கத்து மேரிலாந்தில் அடிமை முறை அப்படியே இருந்தது. எல்லை தாண்டித் தம் அடிமையைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஆறு மாதக் கெடு. அதற்கு மேல் அடிமையைப் பென்சில்வேனியாவில் வைத்திருந்தால் அந்த ஆள் விடுதலை. சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண், தன்னைப் பலமுறை பென்சில்வேனியாவுக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள், எல்லா நாளையும் கூட்டினால் ஆறு மாதத்தைத் தாண்டும், ஆகவே நானும் என் பிள்ளைகளும் விடுதலை என்று வழக்குப் போட்டாள். எதிர்த்தரப்பில் அவளுடைய முதலாளி நார்மன் புரூஸ். அவருக்காக வாதாடியவர் தாடியஸ் ஸ்டீவன்ஸ்.

என்ன வாதம் தெரியுமா? சட்டம் சொல்லும் ஆறு மாதம் தொடர்ச்சியான ஆறு மாதம். விட்டு விட்டு வந்த நாட்களைக் கூட்ட முடியாது என்றார். 1821இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. சாரிட்டியும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அடிமைகளாகவே திரும்பிப் போனார்கள்.

நாள் கணக்கு, கயல். அங்கேயும் நாள் கணக்குதான்.

அப்போது அவருக்கு இருபத்தொன்பது வயது. இளவயது, தொழிலுக்குப் புதிது, வக்கீல் என்றால் எந்தத் தரப்புக்கும் வாதாடத்தானே வேண்டும் என்றெல்லாம் அவருக்காகச் சமாதானம் சொல்லலாம். வக்கீல் எந்தத் தரப்புக்கும் வாதாட வேண்டும் என்பது பொய்யில்லை; நானே கோர்ட்டில் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகளை நினைத்துப் பார்த்தால் எனக்கு எந்தச் சமாதானமும் ஒட்டவில்லை. அவர் செய்தது தவறு. சட்டப்படி சரியாக இருந்த தவறு.

இரண்டு ஆண்டு கழித்து, 1823 ஜூலை 4, அமெரிக்க விடுதலை நாள் விருந்து. கோப்பையை உயர்த்தி வாழ்த்துச் சொல்லும் முறை அவர்களுக்கு உண்டு. ஸ்டீவன்ஸ் சொன்ன வாழ்த்து இது: அடுத்த ஜனாதிபதியாக வருகிறவர், எந்த மனிதனுக்கும் விலங்கு பூட்டாத ஒருவராக இருக்கட்டும். சாரிட்டிக்கு விலங்கு பூட்ட வாதாடிய அதே வாய். அதன் பிறகு தப்பி வந்த அடிமைகளின் பக்கம்தான் நின்றார். பல வழக்குகளில் காசு வாங்கவில்லை. 1842இல் லான்காஸ்டருக்குக் குடிபெயர்ந்த பிறகு, அடிமைகளைப் பிடித்துப் போக வரும் ஆட்களை உளவு பார்க்கத் தம் செலவில் ஆள் வைத்திருந்தார். 1851இல், தப்பியவர்களைப் பிடிக்க வந்த முதலாளி ஒருவர் கிறிஸ்டியானா என்ற ஊரில் கலவரத்தில் கொல்லப்பட்டார். முப்பத்தெட்டுப் பேர் மீது தேசத்துரோக வழக்கு. எதிர்வாதத்தில் ஸ்டீவன்ஸ் இருந்தார். முதல் ஆளுக்கு நடந்த விசாரணையில் ஜூரிகள் கால் மணி நேரத்தில் விடுதலை என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் மீதான தேசத்துரோகக் குற்றச்சாட்டும் நிற்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய சட்டமன்றக் காலம். 1833இல் பென்சில்வேனியா சட்டமன்றத்துக்குத் தேர்வானார். மறு ஆண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி என்று சட்டம் வந்தது. அதற்கு வரி கட்ட வேண்டுமே! மாநிலம் கொதித்தது. சட்டத்தை நீக்கச் சொல்லி முப்பதாயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்ட மனுக்கள் குவிந்தன. மேலவை நீக்கத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டது. கீழவையிலும் நீக்கம் உறுதி என்ற நிலையில், 1835 ஏப்ரலில் ஸ்டீவன்ஸ் எழுந்து பேசினார். சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர் எதிர்க்கட்சிக்காரர் என்பதைக்கூட அவர் பார்க்கவில்லை.

அதற்கு முன்பும் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு இருந்தது. ஆனால் பெற்றோர் தாங்கள் ஏழை என்று பெயர் பதிந்துகொள்ள வேண்டும். நீக்க மசோதாவுக்குப் பொருத்தமான பெயரை நான் வைக்கிறேன் என்றார் ஸ்டீவன்ஸ்: பணக்காரரிடமிருந்து பிரித்துத் தெரியும்படி ஏழைகளுக்குச் சூடு போட்டு அடையாளமிடும் சட்டம்.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, "இலவச நோட்டு வாங்குகிறவர்கள் எல்லாம் எழுந்து நில்லுங்கள்" என்று வகுப்பில் சொல்வார்கள். எண்ணி முடிக்கும்வரை நிற்க வேண்டும். எண்ணுகிறவர் இடையில் யாருடனாவது பேசப் போய்விட்டால், அதுவரைக்கும் நிற்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலை எண்ணெய் வகிடு மட்டும் கண்ணில் தெரியும். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

என் பிள்ளை படிக்காத பள்ளிக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அவர் வைத்த வாதம் கோர்ட்டில் இருந்தவளுக்கு நன்றாகப் புரியும். உழைத்து முன்னேறிய பணக்கார விவசாயி, குற்றவியல் நீதிமன்றத்துக்கும் சிறைச்சாலைக்கும் காவலருக்கும் வரி கட்டுகிறார். அவற்றால் அவருக்கு நேரடியாக என்றைக்காவது ஏதாவது பயன் வந்ததா? அதை மட்டும் ஏன் கேட்பதில்லை? நீக்கம் தோற்றது. பள்ளிகள் நின்றன. ஒரே ஒரு பேச்சால் இவ்வளவும் நடந்தது என்று சொல்வார்கள். நான் அதை நம்புகிறேன்.

1837–38இல் மாநில அரசியல் சாசனத்தைத் திருத்தக் கூடினார்கள். வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே வாக்கு என்று அதில் எழுதினார்கள். உறுப்பினராக இருந்த ஸ்டீவன்ஸ் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

பிறகு நாடாளுமன்றம், போர், வரவு செலவுக் குழுத் தலைமை என்று போகிறது. அவருடைய இரும்பு ஆலையைத் தென்மாநிலப் படை 1863இல் தேடிப் போய்க் கொளுத்தியது. 1866இல் அமெரிக்க அரசியல் சாசனத்தின் பதினான்காவது திருத்தம் அவர் விரும்பிய அளவுக்கு இல்லாமல் குறைப்பட்டு வந்தபோது, ஏன் ஏற்கிறீர்கள் என்ற கேள்விக்குத் தாமே விடை சொன்னார்: நான் தேவதைகளிடையே வாழவில்லை, மனிதர்களிடையே வாழ்கிறேன். அந்தத் திருத்தத்தில்தான் சட்டத்தின் சமமான பாதுகாப்பு என்ற சொற்கள் இருக்கின்றன. நம் அரசியல் சாசனத்தின் 14ஆம் பிரிவிலும் அதே சொற்கள் இருப்பதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லூரியில் படித்தபோது அதைச் சத்தமாக ஒப்பித்தபடி மொட்டைமாடியில் நடந்தவள்தானே நீ.

1868 ஆகஸ்ட் 11 இரவு இறந்தார். லான்காஸ்டரில் பெரிய கல்லறைத் தோட்டங்கள் வெள்ளையருக்கு மட்டும் என்று விதி வைத்திருந்தன. அப்படி விதியில்லாத ஒரு சின்ன இடத்தைத் தேர்ந்துகொண்டார். தனிமையை விரும்பி இங்கே உறங்கவில்லை, மற்ற இடங்கள் இனம் பார்ப்பதால் இதைத் தேர்ந்தேன் என்று கல்லில் பொறிக்கச் சொன்னார். நம் ஊரில் மயானத்துக்கு எத்தனை பாதை என்று உனக்குத் தெரியும். அதனால் இதற்கு நான் விளக்கம் எழுதவில்லை.

தம் வாழ்க்கையின் மிகப் பெரிய மகிழ்ச்சி எது என்று அவர் சொன்னது இந்தப் பெருமைகள் எதையும் அல்ல. அம்மாவுக்கு 250 ஏக்கர் பண்ணையும் பதினான்கு கறவை மாடுகளும் வாங்கிக் கொடுத்ததுதான். அவ்வப்போது ஒரு தங்கக் காசும் கொடுப்பாராம். அவள் அதைச் செலவு செய்யாமல் தேவாலய உண்டியலில் போட்டுவிடுவாளாம். அம்மாவின் கல்லறையின் நான்கு மூலைகளிலும் ஆண்டுதோறும் வசந்தத்தில் ரோஜாவும் மலர்ச்சியான மற்றப் பூக்களும் நடவேண்டும் என்று உயிலில் பணம் எழுதி வைத்தார்.

இப்போது என் கதை. 1988 என்று நினைக்கிறேன். ஒரு வீட்டு வழக்கின் தீர்ப்பை நான்தான் தட்டச்சு செய்தேன். நான்கு பிரதி. கார்பன் தேய்ந்து நான்காவது பிரதியில் எழுத்து நிழல்போல விழுந்திருந்தது. நகல் வாங்க வந்த பெண்ணுக்கு அந்த நான்காவது பிரதிதான் கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரியாது, படித்துச் சொல்லுங்கள் அம்மா என்றாள். "மனு தள்ளுபடி செய்யப்படுகிறது" என்று படித்தேன். "அப்படியென்றால் வீடு எனக்குத்தானே?" என்று கேட்டாள். முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. நான் பதில் சொல்லவில்லை. வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அடுத்த தாளை இயந்திரத்தில் செருகினேன். கால்மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டுப் போனாள். உன்னை வக்கீலுக்குப் படிக்க வைக்க வேண்டும் என்று அன்று மாலை பஸ்ஸில்தான் முடிவு செய்தேன். நீ அப்போது பிறக்கக்கூட இல்லை.

தொழிலை விடுகிறேன் என்கிறாயே கயல், சாரிட்டியின் வழக்கை ஜெயித்த அன்றே அவர் விட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தால் 1835இல் அந்த அவையில் எழுந்து நிற்க யார் இருந்திருப்பார்கள்? இதைச் சொல்வதால் சாரிட்டிக்கு நடந்தது சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதே. அவளுக்கு எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள். அந்தப் பாட்டியின் வழக்குக் கட்டைப் பரண் மேல் போட்டுவிடாதே. கண்ணில் படும் அலமாரியிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று. அந்தப் பாட்டி இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்தாயா? நீ எதிர்த்தரப்பு வக்கீல், நீ நேரில் போவது முறையாகாது. உன் சீனியரும் ஒப்புக்கொள்ள மாட்டார். நான் யாருக்கும் வக்கீல் இல்லை. தெரு பெயரை மட்டும் கேட்டு எழுது. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். ஆஸ்பத்திரியில் கிடந்தவர் என்கிறாய், கஞ்சிக்குப் புழுங்கலரிசியும் பாசிப்பருப்பும் வறுத்து அரைத்து வைத்திருக்கிறேன்.

உனக்கும் ஒரு டப்பா தனியாக எடுத்து வருகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா